இங்கிதம் அறிதல்



'இங்கிதம்' என்பது வடமொழியிலிருந்து தமிழுக்கு வரும் வழியில் பொருள் மாறிய சொற்களுள் ஒன்று. வடமொழியில் அது, உள்ளக் கருத்தை வெளியே காட்டிக்கொடுக்கும் கண், புருவம், கை ஆகியவற்றின் அசைவைக் குறிக்கும். தமிழ்நாட்டிலோ 'இங்கிதம் தெரிந்தவர்' என்றால் பிறர் மனம் நோகாதபடி நடக்கத் தெரிந்தவர் என்றே பொருள். பிறர் குறிப்பை அறியும் திறன், பிறரிடம் நயமாக நடக்கும் பண்பாகவே நம்மவர் நாவில் ஆகிவிட்டது. இம்மாற்றம் எவரும் திட்டமிட்டுச் செய்ததன்று. ஆயினும் அதில் ஒரு தீர்ப்பு அடங்கியிருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. பிறர் முகத்தைப் படிப்பது அவரை எடைபோடுவதற்கா, அவருக்கு உதவுவதற்கா என்னும் கேள்விக்குத் தமிழ் வழக்கு தந்த தீர்ப்பு அது. பூர்வாசார்யர்களின் திருவுள்ளமும் அதனோடு ஒத்திருப்பதை இங்கே விண்ணப்பிக்க விரும்புகிறோம்.

வங்கிப் பணியில் இருந்த காலத்தில் இக்கலையைப் பயிற்சி வகுப்புகளில் நமக்குக் கற்பித்தார்கள். வாடிக்கையாளர்களை நான்கு வகையாகப் பிரித்த வரைபடம் ஒன்று சுவரில் தொங்கும். அதிகாரமாகப் பேசுபவர், கலகலப்பானவர், கணக்குப் பார்ப்பவர், அமைதியானவர் என்று நான்கு கட்டங்கள். வருபவர் கையை எப்படி வைத்திருக்கிறார், கண்ணைப் பார்த்துப் பேசுகிறாரா என்பதைக் கொண்டு அவரை ஒரு கட்டத்தில் நிறுத்திவிட வேண்டும். பேச்சில் சொற்களின் பங்கு நூற்றுக்கு 7, குரலின் பங்கு 38, முகத்தின் பங்கு 55 என்ற கணக்கும் தவறாமல் வரும். இக்கணக்கு ஆல்பர்ட் மெஹ்ராபியன் என்ற உளவியல் அறிஞர் 1967இல் வெளியிட்ட ஆய்வுகளிலிருந்து எடுக்கப்பட்டது. ஒற்றைச் சொற்களை வெவ்வேறு குரலில் பதிவு செய்து, முகப் படங்களோடு சேர்த்துக் காட்டி, பேசுபவருக்கு விருப்பா வெறுப்பா என்று கேட்டு நடத்தியவை அவை. விருப்பு வெறுப்புகளைப் பேசும் இடத்திற்கன்றி மற்றெதற்கும் இது பொருந்தாது என்று அவரே தெளிவுபடுத்தியிருக்கிறார். வகுப்பெடுத்தவர்கள் அந்த நிபந்தனையை விட்டுவிட்டு எண்களை மட்டும் சொன்னார்கள். வணிகவியல் படித்தவர்களுக்கு எண்ணைக் கண்டால் உடனே மரியாதை பிறந்துவிடும் என்று நினைத்தார்களோ என்னவோ!

கவுண்டரில் நாம் கண்டது வேறு. சம்பளத்தேதிக் கூட்டத்தில் ஒரு மூதாட்டி வந்து நிற்பார். முறை வந்ததும் முன்னே வராமல் பின்னால் நிற்பவருக்கு வழிவிடுவார். மறுபடியும் அப்படியே செய்வார். கை மட்டும் முந்தானை முடிச்சை விடாது. அனுபவமுள்ள எழுத்தருக்கு அது விளங்கும்: நகைக்கடன் வாங்க வந்திருக்கிறார், நாலு பேர் முன்னால் முடிச்சை அவிழ்க்கக் கூச்சம். "உள்ளே வந்து உட்காருங்கம்மா" என்று ஒரு நாற்காலியைக் காட்டுவார். அதே குறிப்பைப் பார்த்து, 'மறைக்கிறாரே, நகை யாருடையதோ' என்று ஐயுறுபவரும் அதே கிளையில் இருப்பார். நகை யாருடையது என்று கேட்டாக வேண்டியதுதான். அதற்குப் படிவம் இருக்கிறது. மாற்று அறிய உரைகல்லும் எடை அறியத் தராசும் இருக்கின்றன. அந்த வேலையை முகத்திடம் ஒப்படைக்க வேண்டியதில்லை. முகத்தைப் பார்த்துச் செய்ய வேண்டியிருந்தது நாற்காலியைக் காட்டுவதுதான்.

ஒரே குறிப்பை இருவர் இருவிதமாகப் படிக்கும் இந்த நிலையைத் திருவாய்மொழியின் நாலாம் பத்து ஆறாம் திருவாய்மொழியில் நம்மாழ்வார் காட்டியிருக்கிறார். பராங்குச நாயகி மோகித்துக் கிடக்கிறாள். உடல் வெளுத்து, சொல்லும் நின்றுவிட்டது. வீட்டார் பதறுகிறார்கள். கட்டுவிச்சியை அழைத்து, ஏதோ சிறு தெய்வம் ஏறிவிட்டதென்று முடிவுகட்டி, கள்ளும் இறைச்சியும் தூவி வெறியாடத் தொடங்குகிறார்கள். அவர்கள் அன்பில்லாதவர்கள் அல்லர். பெண் பிழைக்க வேண்டும் என்ற பதற்றம் அவர்களுக்கும் உண்டு. ஆனால் தோழி குறுக்கே வந்து தடுக்கிறாள். இது எம்பெருமானிடத்து உண்டான நோய், அவன் அடியார்களின் திருவடிப் பொடியே இதற்கு மருந்து என்கிறாள். பெண்ணின் மேனியில் எல்லோரும் கண்ட அடையாளங்கள் ஒன்றே. தோழிக்கு மட்டும் தெரிந்த தனி அடையாளம் எதுவும் இல்லை.

அப்படியானால் அவள் எப்படிச் சரியாகப் படித்தாள்? ஆழ்வார் தோழியாகவும் தாயாகவும் மகளாகவும் பேசுவதன் உட்பொருளை அழகிய மணவாளப் பெருமாள் நாயனார் ஆசார்ய ஹ்ருதயத்தில் விளக்கியிருக்கிறார். எம்பெருமானுக்கும் ஆத்மாவுக்கும் உள்ள ஸம்பந்தத்தை உணர்ந்த நிலை தோழி. அவனே உபாயம் என்று துணிந்த நிலை தாய். பேற்றுக்குப் பதறும் நிலை மகள். இதைக் குறிப்பறிதலுக்குப் பொருத்திப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படுகிறது. இவள் யாருக்கு உரியவள் என்பது தோழிக்கு முதலிலேயே தெரியும்; ஆகவே நோய்க்குறி எதைச் சுட்டுகிறது என்பதும் தெரிந்தது. கட்டுவிச்சிக்கு அது தெரியாது. அவள் கையில் இருந்தது நான்கு கட்டம் போட்ட வரைபடம் போன்ற ஒன்றுதான்: வெளுத்தால் இந்தத் தெய்வம், விழுந்தால் இந்தப் பலி.

கட்டுவிச்சிகள் எல்லோரும் தவறாகவே படித்தார்கள் என்றும் சொல்வதற்கில்லை. திருமங்கையாழ்வாரின் சிறிய திருமடலில் வரும் கட்டுவிச்சி, சுளகில் நெல்லை வைத்துப் பார்த்து, வந்த நோய் எவனால் என்று சரியாகவே சொல்லிவிடுகிறாள். தென்காசியை அடுத்த மேலகரத்தில் வாழ்ந்த திரிகூடராசப்பக் கவிராயர் பாடிய குற்றாலக் குறவஞ்சியிலும் குறத்தி வஸந்தவல்லியின் கையைப் பார்த்து அவள் காதலைச் சொல்கிறாள். அது சைவப் பிரபந்தம். ஆயினும் உலாவில் தலைவனைக் கண்ட ஒரு பெண்ணின் நிலையைக் குறி சொல்பவள் உணர்ந்து பேசும் அமைப்பு நமக்குப் பழக்கமானதே.

குற்றாலத்தைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லத் தோன்றுகிறது. பேரருவி நிறைந்து விழும் ஆனி, ஆடி மாதங்களில் அதன் கீழ் நின்று பேச முடியாது. கத்தினாலும் அடுத்தவர் காதில் விழாது. அங்கே மலையாளமும் தமிழும் ஒன்றுதான்; எல்லோரும் கையால்தான் பேச வேண்டும். எண்ணெய் தேய்த்துக்கொண்டு வந்த முதியவர் ஒருவர் நீர்த்திரைக்கு இரண்டடி முன்னே தயங்கி நிற்பார். தலை அருவியை நோக்கியிருக்கும். கால் மட்டும் முன்னே வராது. ஆசையும் அச்சமும் சேர்ந்த நிலை அது. பழகிய உள்ளூர்க்காரர் எவராவது ஒன்றும் கேட்காமல் அவர் முழங்கையைப் பற்றி, வேகம் குறைந்த ஓரத்தில் கொண்டுபோய் நிறுத்துவார். தண்ணீர் பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழத் தொடங்கினால் காவலர் ஊதலை ஊதிக் கையை வீசுவார். அந்தக் கை என்ன சொல்கிறது என்று விவாதிக்க அங்கே நேரமில்லை. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு சிறுவனின் உயிரைக் கொண்டுபோனதை இப்பகுதியில் எவரும் மறக்கவில்லை. இந்த அருவிகளின் நீர்தான் சிற்றாறாகித் தென்காசியைக் கடந்து, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலந்து, ஆழ்வார்திருநகரி வழியே செல்கிறது. பதினாறு ஆண்டுகள் புளியடியில் வாய்திறவாமல் எழுந்தருளியிருந்த ஆழ்வாரின் ஊருக்குப் பேச்சை விழுங்கும் அருவியின் நீர் போய்ச் சேர்வதை நினைக்க ஆனந்தமாக இருக்கிறது.

அக்குற்றாலத்துக்கே உரிய கதை ஒன்று சைவ ஸ்தலபுராணத்தில் உண்டு. முன்பு அங்கே விஷ்ணு கோயில் இருந்ததாம். அகத்தியர் திருநீற்றுக் கோலத்தோடு வந்தபோது வாசலில் இருந்த வைஷ்ணவர்கள் தடுத்துவிட்டார்களாம். இலஞ்சிக் குமரன் சொன்னபடி திருமண் இட்டுக்கொண்டு மறுபடி வந்தபோது வழிவிட்டார்களாம். பிறகு நடந்ததாக அப்புராணம் சொல்வதை நம்மவர்கள் ரஸிப்பதில்லை. நாமும் அதற்குள் புகவில்லை. ஆனால் வாசலில் நடந்ததாகச் சொல்லப்படுவதைக் கவனிக்கத்தான் வேண்டும். தடுத்தபோதும் அவர்கள் பார்த்தது நெற்றியை மட்டுமே. விட்டபோதும் நெற்றியை மட்டுமே. வந்தவரை இரண்டு முறையும் பார்க்கவில்லை. கதை மெய்யோ பொய்யோ, இப்படிப்பட்ட வாசல்காவல் நம் கோஷ்டிகளில் இன்றும் நடக்கிறது. பஞ்சகச்சம் இல்லாதவர், பாசுரம் தெரியாமல் வெறுமனே உதட்டை அசைப்பவர், கைபேசியைப் பார்த்துச் சேவிக்கும் இளைஞர் இவர்களையெல்லாம் ஒரு பார்வையில் எடைபோட்டு முடித்துவிடுகிறோம். அந்தப் பார்வையை அவர்களும் படித்துவிடுகிறார்கள் என்பதுதான் நமக்குத் தெரிவதில்லை. அடுத்த வாரம் அந்த இடம் காலியாக இருக்கும்.

உடையவர் என்ன செய்தார்? உறையூர் மல்லரான வில்லிதாஸர் திருவரங்கத்து உத்ஸவக் கூட்டத்தில், எம்பெருமானுக்கு முதுகைக் காட்டி, பொன்னாச்சியாரின் முகத்தையே பார்த்தபடி, வெயில் படாமல் அவருக்குக் குடைபிடித்துக்கொண்டு நடந்தார். ஊரே சிரித்தது. கூட இருந்த சிஷ்யர்களும் முகம் சுளித்திருப்பார்கள். அனைவரும் கண்ட அதே காட்சியில் உடையவர் வேறொன்றைக் கண்டார். ஊர் சிரிப்பது காதில் விழாத அளவுக்கு ஓர் அழகில் ஈடுபடக்கூடிய நெஞ்சு இது. இதற்குக் குறை ஈடுபாட்டில் இல்லை, விஷயத்தில்தான் என்று திருவுள்ளம் பற்றினார். அவரை அழைத்துக் கேட்டார். இவளுடைய கண்ணழகுக்குத் தோற்றேன் என்றார் மல்லர். அதனினும் அழகிய கண்களைக் காட்டினால் அடிமையாவீரோ என்று கேட்டு, பெரிய பெருமாளின் திருக்கண்களைக் காட்டிக்கொடுத்தார். கண்ணுக்குத் தோற்றவருக்குக் கண்ணையே மருந்தாக்கியது அந்த இங்கிதம். அதே உடையவர், கல்விச் செருக்குக்கு இடமுள்ள முதலியாண்டானைப் பெரிய நம்பியின் திருமகள் அத்துழாய் புகுந்த வீட்டுக்கு வேலைசெய்ய அனுப்பினார். ஆளுக்கு ஆள் வழி வேறு. அவர் திருவுள்ளத்தில் நான்கு கட்டங்கள் இருந்தனவா என்றால், வந்தவர் எத்தனை பேரோ அத்தனை கட்டங்கள் இருந்தன என்றே சொல்ல வேண்டும்.

இத்தம்பதியரைப் பற்றிய மற்றோர் ஐதிஹ்யம் நம் விஷயத்துக்கு இன்னும் நெருங்கியது. வில்லிதாஸரின் பெருமையை மற்றச் சிஷ்யர்களுக்குக் காட்ட உடையவர் ஒரு நாடகம் நடத்தினார். ஒருநாள் இரவு கொடியில் உலர்ந்த சிஷ்யர்களின் வஸ்திரங்களைக் கிழித்துவிடச் செய்தார், காலையில் பெருஞ்சண்டை. பிறகு வில்லிதாஸரைத் தம்மிடம் இருத்திக்கொண்டு, அவர் வீட்டில் உறங்கும் பொன்னாச்சியாரின் ஆபரணங்களைக் கழற்றி வரும்படி அந்தச் சிஷ்யர்களையே அனுப்பினார். அம்மையார் விழித்துக்கொண்டார். வந்தவர்கள் ஸ்ரீவைஷ்ணவர்கள், ஏதோ தேவை போலும் என்று அசையாமல் கிடந்தார். ஒரு பக்கத்து நகைகளைக் கழற்றி முடித்ததும், மறுபக்கத்தையும் எடுத்துக்கொள்ளட்டும் என்று புரண்டு படுத்தார். வந்தவர்களோ விழித்துவிட்டார் என்று அஞ்சி ஓடிவிட்டார்கள்.

புரண்டு படுத்தது ஒரே ஓர் அசைவு. படுத்தவர் அதில் சொன்னது, 'இதையும் கொள்ளுங்கள்' என்பது. நின்றவர்கள் அதில் படித்தது, 'பிடிபட்டோம்' என்பது. திருடும் மனத்தோடு நிற்பவனுக்குக் கொடுக்கும் கை தெரிவதில்லை. அவன் அச்சமே அவனுக்கு அகராதி. கதை இத்துடன் முடியவில்லை. வீடு திரும்பிய வில்லிதாஸர் நடந்ததைக் கேட்டு மகிழவில்லை; மனைவியைக் கடிந்துகொண்டார். 'என்னுடையதை நான் கொடுக்கிறேன்' என்ற எண்ணம் இருந்ததால் அல்லவா புரண்டாய், எல்லாம் அவனுடையது என்று கிடந்திருந்தால் அவர்களே எடுத்துக்கொண்டு போயிருப்பார்களே என்றார். அந்த அசைவில் சிஷ்யர்கள் காணாததை மட்டுமல்ல, அசைந்தவரே காணாததையும் அவர் கண்டார். இப்படிப் படிக்கும் உரிமை யாருக்கு உண்டு? கூடவே வாழ்ந்து, தம்மையும் அதே உரைகல்லில் உரைத்துக்கொண்டவருக்கு மட்டுமே. நாம் இதைக் கேட்டுவிட்டு அடுத்த வீட்டாரின் அஹங்காரத்தைக் கண்டுபிடிக்கக் கிளம்பினால் அது பாகவதாபசாரத்தில் முடியும்.

குறிப்பறிதலுக்கு எல்லை எது என்பதை ஸ்ரீராமாயணத்தில் விபீஷண சரணாகதி காட்டுகிறது. நால்வரோடு வந்து வானில் நிற்கும் விபீஷணனைப் பற்றிப் பெருமாள் கருத்துக் கேட்கிறார். ஸுக்ரீவன் கொல்லவே சொல்கிறான். அங்கதன் சோதித்துப் பார்க்கச் சொல்கிறான். சரபன் ஒற்றனை அனுப்பச் சொல்கிறான். வந்த காலமும் இடமும் சரியில்லை என்கிறார் ஜாம்பவான். மைந்தன் பதமாகப் பேசி விசாரிக்கச் சொல்கிறான். ஒவ்வொருவரும் விபீஷணனைப் பற்றிச் சொன்னதைவிடத் தம் இயல்பைப் பற்றியே அதிகம் சொல்கிறார்கள். திருவடி ஒருவரே வந்தவனின் முகத்தையும் பேச்சையும் பார்த்தார். முகம் தெளிந்திருக்கிறது, வஞ்சகன் இத்தனை அச்சமின்றி வரமாட்டான், உள்ளத்தில் உள்ளதை முகம் முழுவதும் மறைத்துவிட முடியாது என்றார். அதோடு அவர் சொன்ன இன்னொன்று பயிற்சி வகுப்புகளில் நாம் கேளாதது: நல்லெண்ணத்தோடு வந்தவனைத் துருவித் துருவி விசாரித்தால், அந்த விசாரணையாலேயே வந்த நட்பு கெட்டுவிடும்.

திருவடியின் பார்வை சரியானதே. ஆனால் பெருமாள் விபீஷணனை ஏற்றது அதைக் கொண்டு அல்ல. குற்றமே இருந்தாலும் நட்புக் கோலத்தில் வந்தவனை விடமாட்டேன், இராவணனே வந்திருந்தாலும் அபயம் அளித்தேன் என்பது அவர் நிலை. வேதாந்த தேசிகர் அபயப்ரதான ஸாரம் என்று தனி நூலே இயற்றும் அளவுக்குக் கனமான இடம் இது. முகம் தெளிந்திருந்ததால் ஏற்றார் என்றால், முகம் கலங்கியவர்களாகிய நம்மில் பலருக்கு வழியில்லாமல் போயிருக்கும். பயணக் களைப்பிலும் பயத்திலும் பழிச்சொல்லிலும் வாடி வருபவன் முகம் எப்படித் தெளிந்திருக்கும்?

இன்றைய ஆய்வும் ஒரு விதத்தில் இங்கேதான் வந்து நிற்கிறது. ஒருவர் பொய் சொல்கிறாரா மெய் சொல்கிறாரா என்பதைப் பார்த்தும் கேட்டும் மனிதர்கள் எவ்வளவு சரியாகக் கணிக்கிறார்கள் என்ற பல ஆய்வுகளை பாண்ட், டிபாலோ என்ற இரு அறிஞர்கள் 2006இல் தொகுத்துப் பார்த்தார்கள். சராசரியாக நூற்றுக்கு 54தான் சரி. பூவா தலையா போட்டால் 50 வரும். திருவடிக்கு அமைந்த கண் நமக்கு அமைந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு ஒருவரை உள்ளே விடுவதும் வெளியே நிறுத்துவதும் நான்கு புள்ளி லாபத்துக்கு நடத்தும் வியாபாரம். எந்தத் தணிக்கையாளரும் அதற்கு ஒப்பமிட மாட்டார்.

குஹன் பரதனைக் கண்ட இடமும் இத்தகையது. சேனையோடு வருகிறான் என்று கேட்டதும் குஹன் வில்லை எடுத்தான். அக்கரையில் மரவுரியும் வாடிய மேனியும் இராமன் சென்ற திசை நோக்கித் தொழுத கையுமாக நின்ற பரதனைக் கண்டதும், என் நாயகனைப் போலவே இருக்கிறானே என்று உருகிப்போனான். கம்பநாட்டாழ்வார் இதை விரித்திருக்கும் அழகைக் குற்றாலத்தில் வாழ்ந்த ரசிகமணி டி.கே.சி. போன்றவர்கள் வாய்விட்டுச் சொல்லிக் கேட்டிருக்க வேண்டும். அவர் 1954இல் மறைந்தார். நமக்கு அந்தப் பேறு இல்லை. முன்முடிவோடு வந்தவன், கண்ணால் கண்டதும் அதைக் கீழே போட்டுவிட்டான். குஹனுடைய பெருமை அதில்தான் இருக்கிறது.

வெளிநாடுகளில் வாழும் பாகவதர்களுக்கு இவ்விஷயம் வீட்டுக்குள்ளேயே நிற்கிறது. அங்கே வளரும் பேரன், பெரியவர்களின் கண்ணை நேரே பார்த்துப் பேசுகிறான். அவன் பள்ளியில் அதுவே நேர்மை என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். தென்காசியிலிருந்து சென்ற தாத்தாவுக்கு அது துடுக்காகப் படுகிறது. பெரியோர் முன் பார்வையைத் தாழ்த்தி, வாய் புதைத்து நிற்பதே அவர் கற்றது. மார்பின் குறுக்கே கைகட்டி உட்காருவது நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அடக்கம். அவர்களுடைய புத்தகத்தில் அது, 'உன் பேச்சை ஏற்கமாட்டேன்' என்பதன் குறி. நம்மவர் தலையைப் பக்கவாட்டில் ஆட்டினால், ஆமாவா இல்லையா என்று அந்தப் பிள்ளை திகைக்கிறான். இருவரும் மரியாதையோடுதான் இருக்கிறார்கள். இருவருக்கும் அவமதிப்பே தெரிகிறது. "ஏன்டா கண்ணா, இப்படிப் பார்த்தால் என்ன அர்த்தம்?" என்று கோபமில்லாமல் கேட்டுவிட்டால் தீர்ந்துபோகும். குறிப்பறியும் திறன் குறைந்த இடத்தில் வாய்விட்டுக் கேட்பதும் இங்கிதமே.

எல்லா நாட்டிலும் பொருள் மாறாத குறிப்பு ஒன்றையாவது அந்தப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட முடியும். அது அஞ்சலி. ஆளவந்தார் ஸ்தோத்ர ரத்னத்தின் 28ஆம் ச்லோகத்தில், எப்போதாயினும் எவராயினும் எப்படியாயினும் ஒரு முறை செய்த அஞ்சலியின் பெருமையைப் பேசினார். அந்த ஒரு ச்லோகத்தையே விவரித்து தேசிகர் அஞ்சலி வைபவம் என்ற ரஹஸ்யத்தை அருளினார். கைகளைக் குவித்தவன் மனத்தில் என்ன நினைத்தான், உச்சரிப்பு சரியா என்ற விசாரணை அங்கே கிடையாது. நம் குறிப்பை எம்பெருமான் படிக்கும் முறை இது. தாயார் பாசுரமான ஏழாம் பத்து இரண்டாம் திருவாய்மொழியில், மகள் கண்ணீரைக் கையால் இறைப்பதையும் சங்கு சக்கரம் என்று சொல்லிக் கைகூப்புவதையும் தாய் ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லி, இவள் திறத்தில் என்ன நினைத்திருக்கிறாய் என்று அரங்கனைக் கேட்கிறாளே, அவளும் மகளுடைய குறிப்புகளைத் தீர்ப்புக்காகச் சொல்லவில்லை.

தென்காசியிலிருந்து கடையநல்லூர், புளியங்குடி, ராஜபாளையம் வழியாகச் சென்றால் ஸ்ரீவில்லிபுத்தூர். அங்கே மார்கழியில் அரையர் ஸேவை ஸேவித்தவர்கள், ஒரு சொல்லுக்கு ஒரு கை எத்தனை பொருள் காட்டும் என்பதை அறிவார்கள். பெரியாழ்வார் திருமொழி இரண்டாம் பத்து முதல் திருமொழியில் கண்ணன் அப்பூச்சி காட்டுவதை அரையர் உடையவர் ஸந்நிதியில் அபிநயித்தபோது, கண்ணிமைகளைப் புரட்டிக் குழந்தைகளை அச்சுறுத்தும் பாவனையாகவே முதலில் காட்டினாராம். உடையவருக்குப் பின்னால் அமர்ந்திருந்த எம்பார் வாய்திறக்கவில்லை. இரண்டு கைகளையும் தம் தோள்களுக்கு மேலே கொண்டுபோய், சங்கும் சக்கரமும் தோன்றினாற்போல் பிடித்துக் காட்டினார். அரையர் அதைக் கண்டுகொண்டு அப்படியே அபிநயித்தார். ஆய்ச்சியர் மகனாய் ஆடிக்கொண்டிருந்தவன் சட்டென்று நாராயணனாக நின்றால் ஆயர் சிறுவர்களுக்கு அதைவிட அச்சம் வேறென்ன! உடையவர் அந்த மாற்றத்தைக் கண்டார். பின்னால் யார் இருக்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்கவில்லை. "கோவிந்தப் பெருமாளே, இருந்தீரோ?" என்று கேட்டாராம்.